தேவனாம்பட்டினத்தில் ஊதாப் புகை: ஒரே ஜோடி, இரண்டு படப்பிடிப்புகள்

கடலூரில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். போன மே மாதம் ஒரு ஜோடிக்குக் கலர் புகை வைத்து ப்ரீ வெட்டிங் ஷூட் செய்தோம். மாப்பிள்ளையின் இரண்டு விரல்கள் கொப்பளித்தன. பெண்ணுக்கு மூச்சு முட்டியது. ஒரு சவுக்குத்தோப்பின் ஓரம் பற்றிக்கொண்டது. அடுத்த மாதம் அதே ஜோடியை, அதே வகைப் புகையோடு, தேவனாம்பட்டினம் கடற்கரையில் மறுபடி எடுத்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் என் கடைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று தோன்றிய படமும் அன்றைக்குத்தான் கிடைத்தது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை, இதே வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஜோடியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

முதல் நாள்

ஆவணியில் முகூர்த்தம். ஆடிக்கு முன்னால் படமெல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடலோரமாக ஒரு சவுக்குத்தோப்பைப் பிடித்தோம். தோப்பு முடிகிற இடத்தில் ஒரு மணல்மேடு, அதைத் தாண்டினால் கடல். சாயங்காலம் 5 மணி. வெயில் சாய்ந்து மஞ்சளாகும் நேரம் படத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதுதான், நானும் அதையே நம்பி வைத்தேன்.

திரி வைத்த புகைக்குழாயைப் பற்றவைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். ஆன்லைனில் பார்க்கும் படங்களில் எல்லோரும் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். கடல் பின்னணியாக வர வேண்டும் என்று நான் தோப்புப் பக்கம் நின்றேன். அவர் கடல் பக்கமாகக் கையை நீட்டினார், பெண் அவருக்கு இந்தப் பக்கம் நின்றார். மே மாதச் சாயங்காலத்தில் கடல்காற்று கரையைப் பார்த்து வீசும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கேமராவைக் கையில் எடுத்த பிறகு அதை யோசிக்கவில்லை. ஐந்தாறு நொடியில் புகை முழுவதும் இரண்டு பேர் முகத்திலும் வந்து அடித்தது. பெண் இருமத் தொடங்கினார். நான் அது அடங்கிவிடும் என்று நினைத்து இன்னும் நாலைந்து படம் எடுத்தேன். அந்த நாலைந்து படத்துக்காகத்தான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அரை நிமிஷத்தில் குழாயின் உடம்பு கொதித்துவிட்டது. மாப்பிள்ளை உதறினார். அது மேட்டில் உருண்டது.

"அண்ணே, தோப்புப் பக்கம் போவுது!" என்று என் உதவியாளர் கத்திக்கொண்டே ஓடி, அதன்மேல் காலால் மணலைத் தள்ளினார். மணலுக்குள்ளிருந்தும் புகை வந்தது. கூடவே பொறியும் வந்தது. கீழே கிடந்த சவுக்குச் சருகு பிடித்துக்கொண்டது. கடல்காற்று அதைத் தோப்புக்குள் ஊதிவிட்டது. பச்சைக் கிளையை ஒடித்து அடித்தோம். கையிலிருந்த தண்ணீர் பாட்டில்கள் போதவில்லை. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் அணைந்தது. இரண்டு கட்டில் போடும் அளவு இடம் கருகியிருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. "உள்ள ஆடு கட்டியிருக்கேன் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளையின் விரலுக்கு யாரோ பற்பசை தேடினார்கள். பெண்ணின் அம்மா அதைத் தடுத்து, பம்புசெட்டுத் தண்ணீரில் 20 நிமிஷம் கையை வைக்கச் சொன்னார். அதுதான் சரியான முதலுதவி. தீக்காயத்தில் பற்பசை, மை, வெண்ணெய் எதையும் தடவக் கூடாது. பெண்ணை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் நெபுலைசர் வைத்தோம். மூச்சு சீராகி அவர் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "சின்ன வயசுல எனக்கு வீசிங் இருந்துச்சு அண்ணா. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

படங்கள்? ரோஸ் நிறத்தில் ஒரு சுவர், அதில் பாதி முகம், மூடிய கண். ஒன்றுகூடத் தேறவில்லை.

குழாய்க்குள் இருப்பது

மறுபடி எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் மறுபடி எடுப்பதற்கு முன்னால் இந்தப் பொருள் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சாதாரணமாகக் கலர் புகைக் கலவையில் பொட்டாசியம் குளோரேட், சர்க்கரை வகை ஒன்று, சமையல் சோடா, சாயத்தூள் ஆகியவை இருக்கும். சர்க்கரை எரிகிறது, குளோரேட் அதற்கு ஆக்சிஜன் தருகிறது. சமையல் சோடா சூட்டை அடக்கி வைக்கிறது. அந்தச் சூட்டில் சாயம் கருகாமல் ஆவியாகி வெளியே வந்து, குளிர்ந்து, பொடியாக மாறிக் காற்றில் மிதக்கிறது. நாம் புகை என்று சொல்வது உண்மையில் மிதக்கும் சாயப்பொடி. துணியில் ஏறும் கறை அதனால்தான். நெஞ்சுக்குள் போனால் இருமல் வருவதும் அதனால்தான்.

மணல் போட்டு மூடியும் அது ஏன் அணையவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் கலவைக்குள்ளேயே இருக்கிறது. வெளிக்காற்றை அடைத்தால் அது நிற்காது. எரிகிற வரைக்கும் எரியட்டும், அது எரிகிற இடம் நாம் தேர்ந்த இடமாக இருக்கட்டும் என்பதே வழி. ஈரமணல் நிறைத்த மண்தொட்டியில் குழாயை நட்டுவைப்பது என்ற ஏற்பாட்டுக்கு இப்படித்தான் வந்தோம். கையில் பிடிக்கும் வேலை அன்றோடு முடிந்தது.

சவுக்குத்தோப்பு படத்துக்கு எவ்வளவு அழகோ, புகைக்கு அவ்வளவு ஆபத்து. ஊசி ஊசியாக விழும் சருகு மெத்தைபோலப் படிந்து, கோடையில் காய்ந்து கிடக்கும். நம் ஊர்களில் அதைக் கூட்டி அள்ளி அடுப்பெரிக்கிறார்கள் என்பதே போதும், அது எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் ஒரு குடும்ப விழாவில் கொளுத்திய புகைக்கருவி காய்ந்த புல்லில் தீயை மூட்டியது. 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தீயணைக்கப் போன வீரர் ஒருவர் இறந்தார். அவர்களும் ஒரு படத்துக்காகத்தான் அங்கே கூடியிருந்தார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்கு அந்த அம்மா கட்டியிருந்த ஆடுகள்தான் நினைவில் நின்றன.

காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் எந்தப் பக்கம்

ஜூன் முதல் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையிலும் இரண்டு நாள் சாயங்காலத்திலும் தேவனாம்பட்டினம் போனேன். கையில் கேமராவோடு ஒரு தூபக்கால், கொஞ்சம் சாம்பிராணி. கலர் புகையை வீணாக்காமல் காற்றைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சாம்பிராணிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு உயரத்தில் உடைகிறது என்று ஒவ்வொரு கால் மணி நேரமும் படம் எடுத்துவைத்தேன்.

பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் சூடாவதில்லை. அதனால் பிற்பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது. ராத்திரி நிலம் ஆறிவிடுகிறது, விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. ஜூனில் அதோடு மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றும் சேர்ந்துகொள்ளும். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் ஒரு படக்காரனாக அந்த மணலில் நின்றபோதுதான் இன்னொன்று புரிந்தது.

நம்முடையது கிழக்குக் கரை. விடியலில் சூரியன் கடலுக்கு மேலே எழுகிறது, காற்றும் அதே கடலைப் பார்த்துப் போகிறது. ஜோடிக்குப் பின்னால் புகை வைத்தால் அது அவர்கள் முகத்தை விட்டு விலகி, என் லென்ஸையும் விட்டு விலகி, சூரியனுக்கு முன்னால் போய் நிற்கிறது. எதிர்வெளிச்சம் அதற்குள் புகுந்து வரும்போது, சாயப்பொடி ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறவிட்டுப் புகை உள்ளிருந்து எரிவதுபோலத் தெரிகிறது. சாயங்காலம் எல்லாம் தலைகீழ். காற்று புகையை முகத்துக்குக் கொண்டுவருகிறது. சூரியன் என் முதுகுப் பக்கம் போய்விடுவதால் புகை வெளிச்சத்தை நேரடியாக வாங்கி, சுண்ணாம்பு அடித்த சுவர்போலத் தட்டையாக இருக்கிறது. முதல் நாள் படங்கள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை. மணப்பெண்ணை இருமவைத்த அதே தவறுதான் படத்தையும் கெடுத்தது.

விடியலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அப்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் கிடக்கும். புகை மேலே ஏறாமல் முழங்கால் உயரத்தில் பட்டையாக ஓடும். 9 மணிக்கு மேல் மணல் சுட்டுவிட்டால் காற்று கொதித்து எழும், புகை கண்டபடி சிதறும். காற்றின் வேகத்துக்கு நான் வைத்துக்கொண்ட அளவு மணப்பெண்ணின் தாவணி. நுனி மட்டும் அசைந்தால் பற்றவைக்கலாம். தாவணி பறந்தால் காத்திருக்க வேண்டும். அசையவே இல்லை என்றாலும் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் புகை ஆட்களைச் சுற்றியே நின்றுவிடும்.

ஆரஞ்சு ஏன் கிடையாது

மணப்பெண்ணுக்கு ஆரஞ்சு வேண்டும். விடியல் வானத்தோடு சேரும் என்று அவர் நினைத்தார். நானும் சரி என்றிருந்தேன். இடம் பார்க்கப் போன நாளில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னபோது அவர் கையை நிறுத்திவிட்டார். "ஆரஞ்சுப் பொக கடல்ல எதுக்குத் தெரியுமா தம்பி? போட்டு முழுவுதுன்னு அர்த்தம்."

அவர் சொன்னது சர்வதேச விதி. கடலில் ஆபத்தில் இருப்பவர்கள் உதவி கேட்கக் கொளுத்துவது ஆரஞ்சுப் புகை. 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளின் இணைப்பிலேயே அது ஆபத்து அடையாளமாக இருக்கிறது. கரையில் எழும் ஆரஞ்சுப் புகையைத் தூரத்துப் படகு ஒன்று பார்த்தால் தொழிலை விட்டுவிட்டு ஓடிவரும். 2004இல் சுனாமி அடித்த கரை இது. இங்கே உதவிக் குரலைப் பொய்யாக எழுப்ப எனக்கு மனம் வராது. பெண்ணிடம் இதைச் சொன்னதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

மஞ்சளையும் தள்ளினேன். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் மஞ்சள் புகை அடித்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. பொது இடத்தில் அந்த நிறத்தைப் பார்த்தால் ஜனங்கள் பதறத்தான் செய்வார்கள். அதுவும் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை உள்ள ஊர் எங்களுடையது, புகையோ வாடையோ வந்தால் வீட்டை விட்டு வெளியே வந்து பார்க்கும் பழக்கம் உண்டு. பச்சைப் புகை பக்கத்தில் இருப்பவர் தோலில் பிரதிபலித்து முகத்தை நோயாளி மாதிரி காட்டும். நீலம் கேமராவில் பல சமயம் சாம்பலாகிவிடுகிறது. கடைசியில் ஊதா. பெண்ணின் உடை மாம்பழ மஞ்சள். இளங்காலையின் பொன்னிறத்துக்கு எதிரே ஊதா நன்றாகப் பிரிந்து நிற்கும் என்று சாம்பிராணிப் படங்களின் மேல் கணினியில் நிறம் ஏற்றிப் பார்த்தே முடிவு செய்தேன்.

குழாய்களை உரிமம் உள்ள பட்டாசுக் கடையில் வாங்கி எங்கள் வேனில் கொண்டுபோனோம். சிவகாசிக்குப் போய் மலிவாக வாங்கி ரயிலில் எடுத்துவரலாம் என்று ஒரு யோசனை வந்தது. ரயிலில் பட்டாசு வகை எதையும் கொண்டுபோகக் கூடாது, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள்.

புகையோடு கலர்ப் பொடியையும் தூவலாமா என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டார்கள். இதற்கு மட்டும் குரலை உயர்த்தியே மறுத்தேன். மாவுப்பொடி காற்றில் மேகமாக மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் மொத்தமாகப் பற்றும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் தூவிய கலர்ப் பொடி அப்படித்தான் பற்றியது. 15 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 500 பேர் காயப்பட்டார்கள்.

வேறு இடங்களும் பேச்சில் வந்தன. பிச்சாவரத்தில் படகில் வைத்து எடுக்கலாம் என்றார்கள். அங்கே அலையாத்திக்குள் புகை கலைய வழியில்லை, பறவைகள் அடையும் காடு, படகில் தள்ளி நிற்கவும் இடமில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் அந்த மஞ்சள் சுவர்களுக்குள் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், சாயம் சுவரில் ஏறினால் யார் கழுவுவது? இரண்டுக்கும் மறுத்துவிட்டேன்.

அந்தக் காலை

காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் நேரில் போய்ச் சொன்னோம். அவர்கள் கேட்டது ஒன்றுதான், படகு இறக்கும் இடத்தில் நிற்காதீர்கள் என்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. அந்த மாதங்களாக இருந்தால் நாங்களே வந்திருக்க மாட்டோம்.

பெண்ணிடம் இந்த முறை எல்லாம் கேட்டேன். அவர் தன் மருத்துவரைப் பார்த்தார். புகைக்கு அருகில் போகாமல் காற்று வரும் பக்கமாகவே நிற்கலாம், இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அதற்கு மேலும் ஒரு தயக்கம் எனக்கு இருந்தது. புகையே வேண்டாம், வெறும் விடியலில் எடுத்துத் தருகிறேன் என்றேன். "முதல் நாள் மாதிரி இல்லாம ஒரு படம் எனக்கு வேணும் அண்ணா" என்றார்.

5 மணிக்கே போய் இருட்டில் ஒத்திகை பார்த்தோம், புகை இல்லாமல். ஜோடி எங்கே நிற்பது, எங்கே நடப்பது, "போதும்" என்று யார் சொன்னாலும் எல்லோரும் எந்தப் பக்கம் விலகுவது என்று மூன்று தடவை. காற்று தென்மேற்கிலிருந்து வந்தது, ஆகவே விலகும் பக்கம் தென்மேற்கு, வேன் நிற்கும் திசை. தொட்டி அவர்களுக்கு 4 மீட்டர் பின்னால், ஈரமணலில். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு. உதவியாளருக்கு வெல்டிங் கையுறை, பருத்திச் சட்டை, கண்ணாடி. அவர் குழாயைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. இன்னொரு தம்பிக்குக் காற்றையும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களையும் பார்ப்பதே வேலை.

ஜூனில் இங்கே 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் எழுந்துவிடும், நேர்கிழக்கில் இல்லாமல் கொஞ்சம் வடக்கே தள்ளி. அதைப் பார்த்து நான் வடகிழக்கு நோக்கி நின்றேன். முதல் குழாய் அதிலேயே போயிற்று. காற்று போகும் திசையும் நான் பார்க்கும் திசையும் ஒன்றாக இருந்ததால் புகை நேராக என்னைவிட்டு ஓடி, ஜோடியின் தலைக்குப் பின்னால் ஒரு பஞ்சுப்பொதிபோல உருண்டு நின்றது. பாதுகாப்பாக இருந்தது, ஆனால் படத்தில் உயிர் இல்லை. தொட்டியை, நான் பார்க்கும் கோணத்தில், ஜோடிக்கு வலப்பக்கம் தள்ளிவைத்துவிட்டு நான் நேர்கிழக்குக்குத் திரும்பினேன். இப்போது புகை வலமிருந்து இடமாக, குறுக்கே சாய்ந்து, சூரியனை நோக்கி ஓடியது.

கேமரா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாம் மேனுவலில். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஈடுகட்டும் அமைப்பை, 5500 கெல்வினில் பூட்டினேன், ஆட்டோவில் விட்டால் புகை அடர அடர முகத்தின் நிறம் ஒவ்வொரு படத்துக்கும் மாறும். ஷட்டர் 1/640, புகையின் சுருள் சுருளான வடிவம் நிற்க வேண்டும் என்பதால். புகை வந்தால் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அதனால் பற்றவைக்கும் முன்பே கண்ணில் ஃபோகஸ் பிடித்துப் பூட்டிவிட்டேன். சிவப்பும் ரோஸும் ஊதாவும் எதிர்வெளிச்சத்தில் சிவப்புச் சானலில், அதாவது படத்தின் சிவப்பு நிறப் பதிவில் மட்டும், வெளிச்சம் மிஞ்சி விவரம் எரிந்துபோகும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மொத்தமாகப் பார்த்தால் நன்றாகத்தான் காட்டும், நிறம் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து, RAW கோப்பாக எடுத்தேன். கேமராமேல் ஃப்ளாஷ் போடவே கூடாது, புகை மழைத் திரைபோல முன்னால் வெளுத்துவிடும். லென்ஸை அங்கே கழற்றவும் கூடாது.

நாங்கள் வாங்கிய குழாய் பற்றவைத்ததும் எட்டுப் பத்து நொடி மெலிதாக வரும், பிறகு அடரும், ஒரு நிமிஷத்தில் தணியும். ஆக நமக்குக் கிடைப்பது 40 நொடிபோல. மூன்றாவது குழாயின் நடுவில் அது நடந்தது. ஜோடி தண்ணீர் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். புகை அவர்களுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் நீண்ட முந்தானைபோல விரிந்து கடலுக்குள் போனது. அலை வாங்கிப் போன ஈரமணலில் அந்த ஊதா முழுவதும் கண்ணாடியில்போல விழுந்திருந்தது. அதை நான் திட்டமிடவில்லை, ஈரமணல் தீக்குப் பயந்து தேர்ந்த இடம். பெண் தன் அம்மா நிற்கும் பக்கம் திரும்பி, இருமல் வரவில்லை என்று காட்ட நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். அந்தப் படம்தான்.

நான்காவது குழாயில் காற்று ஒரு கணம் வடக்கே திரும்பியது. காவலுக்கு நின்ற தம்பி "போதும்" என்றார். எல்லோரும் வேன் பக்கம் நடந்துவிட்டோம். புகை காலியான மணலில் தானாக எரிந்து முடிந்தது. 10 நொடிப் படம் போயிற்று, அவ்வளவுதான். ஐந்தாவது பற்றவில்லை. உதவியாளர் எட்டிப் பார்க்கப் போனார், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகாமல் இருந்து, பிறகு நீளமான இடுக்கியால் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டோம். மற்ற நான்கையும் அதே வாளியில் ஊறவைத்து, கறைபட்ட மணலையும் வாரிக்கொண்டு கிளம்பும்போது மணி 7.

குறையும் இருக்கிறது. இரண்டு படங்களில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஊதா பிரதிபலித்து, கறைபோலத் தெரிகிறது. கணினியில் எவ்வளவு குறைத்தாலும் முழுதாகப் போகவில்லை. வெளிர் உடைக்கு 4 மீட்டர் போதாது, 6 மீட்டராவது வேண்டும் என்று குறித்துவைத்திருக்கிறேன்.

ஆல்பம் கொடுத்த பிறகு, கருகிய இடத்தில் நட இருபது சவுக்குக் கன்றுகள் வாங்கிக்கொண்டு தோப்புக்குப் போனேன். அந்த அம்மாவிடம் ஊதாப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே தண்ணியோரம் வச்சிருக்கலாமே" என்றார். மழை விழுந்ததும் கன்றுகளை நட்டுவிடுவதாகச் சொன்னார்.